ஜப்பான் போக ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஏஜென்டிடம் கொடுக்கலாமா?

வக்கீலான எனக்குக் கடிதம் எழுதிய பெண்ணுக்கு வயது 24. விருதுநகர் மாவட்டத்துக்காரர், பி.காம் முடித்துவிட்டு சென்னையில் வேலை பார்க்கிறார். பெயரையும் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானிய நிறுவனங்களின் இன்வாய்ஸ்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் போகிறது. அங்கே 9 மணிக்கு ஆபீஸ் திறக்கும்போது இங்கே விடியற்காலை 5.30, அதற்குள் இவர் சீட்டில் இருக்க வேண்டும். கம்பெனி கேப் மூன்று மாதமாக வருவதில்லை, பைக் டாக்ஸியில் போகிறார். கையில் வருவது மாதம் 22,000 ரூபாய். மதியம் ஹாஸ்டலுக்கு வந்து ஒரு தூக்கம், அப்புறம் மாலை முழுக்க ஜப்பானிய மொழி. பள்ளிக்கூட நாட்களில் தமிழில் டப் செய்த ஜப்பான் கார்ட்டூன் பார்த்துத் தொடங்கிய ஆசை இது. கிழித்த தினசரி காலண்டர் தாள்களைச் சேர்த்துவைத்து, அவற்றின் பின்பக்கத்தில் தாளுக்கு ஒரு கான்ஜி (சீனாவிலிருந்து ஜப்பானிய மொழிக்கு வந்த எழுத்து முறை) என்று எழுதிப் பழகுகிறார். ஹாஸ்டல் சோற்றை உருண்டை பிடித்து, ஜப்பானில் உள்ளே வைக்கும் உப்புப் பிளம்ஸுக்குப் பதிலாக அம்மா கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாயை வைத்துச் சாப்பிடுகிறார். ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் தேர்வில் என்-4 நிலை தேறிவிட்டார், அதில் எண் குறையக் குறையத் தேர்வு கடினம். ஜூலையில் என்-3 எழுதி 180க்கு 92. தேர்ச்சிக்கு 95 வேண்டும்.

இந்த நேரத்தில்தான் ஒரு ஏஜென்ட் வந்திருக்கிறார். ஜப்பானில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, மொத்தச் செலவு நான்கரை லட்சம். இந்த மாதக் கடைசிக்குள் ஒரு லட்சமும், பாஸ்போர்ட்டும், ஒரிஜினல் சர்டிபிகேட்களும் தர வேண்டும். முதலில் மாணவர் விசாவில் அனுப்பி, போன பிறகு வேலை விசாவாக மாற்றித் தருவார்களாம். அப்பாவின் ‘சம்மதக் கையெழுத்து’ வேறு வேண்டுமாம், ஸ்டாம்ப் பேப்பரில். என்-3 எல்லாம் தேவையில்லை என்று அவர் சொன்னதால் டிசம்பர் தேர்வுக்கு இவர் பணமே கட்டவில்லை. கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்த ஆறு பவுனை அடகு வைக்கலாமா என்ற யோசனையில் இருக்கிறார்.

பயங்கள் இரண்டு. கம்பெனியில் இரண்டு வருட பாண்ட் இருக்கிறது, முடிந்தது 14 மாதம்தான். நடுவில் போனால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும், டிகிரி சர்டிபிகேட்டும் ஹெச்.ஆரிடம் இருக்கிறது, போலீஸில் சொல்லி ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்களா என்று கேட்கிறார். அடுத்தது அப்பா. “பொம்மைப் படம் பார்த்துப் புத்தி கெட்டுப்போச்சு” என்கிறாராம். தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். “வக்கீல் அக்கா, எனக்கு உதவுகிற ஒரே ஆள் அந்த ஏஜென்ட்தான். கம்பெனியையும் அப்பாவையும் எப்படிச் சமாளிப்பது?” என்று முடிக்கிறார்.

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அக்கா என்று கூப்பிட்டிருப்பதால் நேராகவே சொல்கிறேன். பயப்பட வேண்டிய ஆளையும் நம்ப வேண்டிய ஆளையும் நீங்கள் மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். உங்கள் கம்பெனி உங்களைத் தடுக்க முடியாது. அப்பா கோபப்படுவார், ஆனால் அவராலும் சட்டப்படி தடுக்க முடியாது. உங்கள் பணத்தையும் சர்டிபிகேட்டையும் ஜப்பான் ஆசையையும் ஒரே நேரத்தில் அழிக்கக்கூடியவர் அந்த ஏஜென்ட் ஒருவர்தான். ஒரு லட்சம் இன்னும் கை மாறவில்லையே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

கம்பெனி பாண்ட் விஷயம்

பாண்ட் என்பது உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். மீறினால் அது சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் உங்களைக் கைது செய்யாது, பாஸ்போர்ட்டை முடக்காது, ஏர்போர்ட்டில் யாரும் மறிக்க மாட்டார்கள். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வேலையில் தொடர்ந்து இரு என்று கோர்ட்டும் உத்தரவு போடாது. கம்பெனி கேட்க முடிந்தது நஷ்டஈடு மட்டும்தான். அதிலும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74வது பிரிவுப்படி ‘நியாயமான இழப்பீடு’தான் கிடைக்கும், ஒன்றரை லட்சம் என்று எழுதியிருப்பது அதற்கு உச்சவரம்பு, அவ்வளவுதான். மூன்று வாரப் பயிற்சி கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என்ன செலவானது, நீங்கள் எத்தனை மாதம் வேலை பார்த்துவிட்டீர்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

இதைப் படித்துவிட்டு ‘அப்போ பாண்ட் எல்லாம் செல்லாது’ என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் வரும் பிள்ளைகள் பாதிப் பேர் அப்படி நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது. பொதுத்துறையில் ஆள் எடுப்பதற்கு ஆகும் செலவையும் நேரத்தையும் அங்கே கணக்கில் எடுத்தார்கள். உங்கள் கம்பெனி தனியார், நிலைமை வேறு, ஆனாலும் பாண்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிற விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு மிச்சம் பத்தே மாதம். கீழே நான் சொல்லப்போகும் வழியில் அந்தப் பத்து மாதம் எப்படியும் உங்களுக்குத் தேவைப்படும்.

சர்டிபிகேட்டை மட்டும் இப்போதே கேளுங்கள். வேலைக்காரரின் அசல் சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொள்ள கம்பெனிக்கு உரிமை கிடையாது. ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள்: இன்ன தேதியில் இன்ன சான்றிதழைக் கொடுத்தேன், திருப்பித் தாருங்கள் என்று இரண்டு வரி போதும். வாயால் கேட்க வேண்டாம், மெயிலில் கேட்டால்தான் பின்னால் சாட்சி. பதில் வரவில்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். அனுபவத்தில் சொல்கிறேன், நோட்டீஸ் போனதும் பெரும்பாலும் சர்டிபிகேட் கவரோடு திரும்பி வந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று. விடியற்காலை நாலே முக்காலுக்கு முன்பின் தெரியாதவர் பைக்கில் ஏறிப் போகிறீர்கள் என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்குப் படிக்கும்போதே பகீரென்றது. தமிழ்நாட்டில் இரவு 8 மணியிலிருந்து காலை 6 மணிக்குள் பெண்களை வேலைக்கு வைத்தால் அவர்களுடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் கொடுக்க வேண்டும், ஷிஃப்டில் வருகிறவர்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடும் செய்ய வேண்டும். கடைகளும் நிறுவனங்களும் நாள் முழுக்க இயங்க அனுமதி கொடுத்த அரசாணையிலேயே இந்த நிபந்தனைகள் உண்டு. 5.30 ஷிஃப்ட் அந்த நேரத்துக்குள்தான் தொடங்குகிறது. சர்டிபிகேட் மெயிலோடு கேப் பற்றியும் ஒரு மெயில் போடுங்கள். அதே ஷிஃப்டில் இருக்கும் மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டு போட்டால் இன்னும் நல்லது.

இனி ஏஜென்ட்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்தவரும் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. அவர் கேட்பது நான்கரை லட்சம். ரசீதில் ‘டிரெய்னிங் கட்டணம்’ என்று எழுதித் தருவதாகச் சொன்னார் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அது ஏன் என்று இப்போது புரிகிறதா? வேலைக்கு அனுப்பப் பணம் வாங்கியதற்கு உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

மாணவர் விசா யோசனையும் அதே தந்திரம்தான். மாணவியாகப் போனால், இந்தியச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வேலைக்குப் போகிறவரே இல்லை, அந்தக் கட்டண வரம்பும் பாதுகாப்பும் உங்களுக்கு வராது. ஜப்பான் பக்கமும் சிக்கல். அங்கே மாணவர் விசாவில் இருப்பவர் தனி அனுமதி வாங்கித்தான் வேலை செய்யலாம், அதுவும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான். பகுதி நேரச் சம்பளத்தில் பள்ளிக் கட்டணம், வாடகை, ஊரில் அடகு வட்டி மூன்றையும் கட்டிப் பாருங்கள், கட்டாது. கட்டாதபோது என்ன செய்வார்கள்? 28 மணி நேரத்தைத் தாண்டி வேலை செய்வார்கள். அது தெரிந்தால் விசா நீட்டிப்பு மறுக்கப்படும், நாட்டைவிட்டே அனுப்பவும் செய்யலாம். அப்படித் திரும்பி வந்தவர் மறுபடி ஜப்பான் விசா வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா கையெழுத்துக்கு வருகிறேன். 18 வயது முடிந்தவருக்குப் பாஸ்போர்ட் எடுக்கவோ விசா வாங்கவோ அப்பா கையெழுத்து சட்டப்படி தேவையே இல்லை. பின்னே எதற்கு ஸ்டாம்ப் பேப்பர்? கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ‘அதில் தொகை மட்டும் பிறகு எழுதிக்கொள்வார்களாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அது சம்மதக் கடிதமாக இருக்க வாய்ப்பில்லை. அது புரோ நோட், அதாவது கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் பத்திரம் மாதிரி தெரிகிறது. ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்ததாக மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20வது பிரிவு எடுத்துக்கொள்கிறது. உங்கள் அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். நாளைக்கு அவர் பேரில் ஐந்து லட்சத்துக்கு வழக்கு வந்தால் அந்தக் கடை தாங்குமா? இந்த ஒரு விஷயத்தில் என்ன நடந்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பாஸ்போர்ட்டையும் சர்டிபிகேட்டையும் எந்த ஏஜென்டிடமும் விட்டுவைக்க வேண்டியதில்லை. நகல் கொடுங்கள், கேட்டால் அசலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வாருங்கள்.

அப்படியென்றால் ஜப்பான் போகவே முடியாதா?

ஏன் முடியாது? முதியோர் பராமரிப்பு வேலைக்கு நேர்வழியே இருக்கிறது. ஜப்பான் 2019 ஏப்ரலில் ‘தொகுதே கினோ’ என்று ஒரு விசாவைக் கொண்டுவந்தது, குறிப்பிட்ட திறன் உள்ள தொழிலாளர்களுக்கானது. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் இதற்கு ஒப்பந்தம் போட்டன. பராமரிப்புத் துறைக்கு என்-4 தேர்ச்சி, பராமரிப்புத் திறன் தேர்வு, பராமரிப்பு வேலைக்கான ஜப்பானிய மொழித் தேர்வு, இந்த மூன்றும் வேண்டும். முதலாவது உங்கள் கையில் இருக்கிறது, மற்ற இரண்டையும் நீங்களே பதிவு செய்து எழுதலாம். அதே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் தர வேண்டும், டெபாசிட்டோ அபராத ஒப்பந்தமோ வாங்கக் கூடாது என்பதெல்லாம் அந்த விசாவின் விதிகள். ஏஜென்ட் ஏன் இந்த வழியைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று யோசியுங்கள்.

ஆனால் அந்த விசாவில் பொதுவாக மொத்தம் ஐந்து வருடம்தான் இருக்கலாம், கணவரையோ குழந்தையையோ அழைத்துப் போக முடியாது. அங்கேயே தேசிய அளவிலான பராமரிப்பாளர் தேர்வு எழுதித் தேறினால் நிலைமை மாறும், அது கடினமான தேர்வு. அப்புறம், இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா? எழுந்து உட்கார முடியாத ஒரு பாட்டியைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, இரவில் மூன்று தடவை திருப்பிப் படுக்க வைக்கும் வேலை. மிக மதிப்பான வேலை, அதைப் பிடித்துச் செய்கிறவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் மூன்று பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட ஆசையாக எழுதவில்லை. எழுதியதெல்லாம் மொழி பற்றி. ‘வேலை செய்தல்’ என்பதற்கான கான்ஜியில் ஒரு மனிதனும் பக்கத்தில் அசைவும் இருக்கிறது, இது சீனாவிலிருந்து வராமல் ஜப்பானியர்களே உருவாக்கிய எழுத்து என்று காலண்டர் தாளில் எழுதிப் பழகியதை எவ்வளவு ரசித்து எழுதியிருக்கிறீர்கள்! அந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அதனால் இன்னொரு வழியைச் சொல்கிறேன். ‘எனக்கு டெக்னிக்கல் டிகிரி இல்லை, பராமரிப்பு வேலைதான் கிடைக்கும்’ என்று எழுதியிருப்பது தவறு. ஜப்பானில் பட்டதாரிகளுக்கு, பொறியாளர், கலைப்பாட வல்லுநர், பன்னாட்டுச் சேவை என்று நீளமான பெயரில் ஒரு வேலை விசா இருக்கிறது. மொழிபெயர்ப்பு, துபாஷி வேலை அதற்குள் வரும், அதற்குப் பட்டம் இருந்தால் போதும், எந்தப் பாடம் என்று பார்ப்பதில்லை. உங்கள் பி.காம் அங்கே செல்லும், அதனால்தான் அந்த சர்டிபிகேட்டை மீட்கச் சொல்கிறேன். இந்த விசாவில் குடும்பத்தை அழைத்துப் போகவும் வழி உண்டு, புதுப்பித்துக்கொண்டே போகவும் வழி உண்டு. ஆனால் நிறுவனங்கள் இந்த வேலைக்குப் பெரும்பாலும் என்-2 எதிர்பார்க்கும். என்-3 தேவையில்லை என்று ஏஜென்ட் சொன்னது அவருடைய வியாபாரத்துக்கு. உங்களுக்குத் தேவை. மூன்று மார்க்கில் விட்டதை ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை பிடித்துவிடலாம், மொத்தம் 95 வந்தால் மட்டும் போதாது, மூன்று பகுதியிலும் தலா 19 வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அப்புறம் என்-2. அதற்குள் பாண்ட் முடிந்திருக்கும், இரண்டு வருடம் ஜப்பானியக் கணக்கு பார்த்த அனுபவமும் சேர்ந்திருக்கும். சென்னையைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இருக்கும் ஜப்பானிய ஆலைகளுக்கும் மொழி தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள், அங்கே ஒரு வருடம் இருந்துவிட்டுப் போவதும் நல்ல யோசனை. படிக்கத்தான் ஆசை என்றால் ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை பற்றிச் சென்னையில் இருக்கும் ஜப்பான் துணைத் தூதரகத்தில் கேளுங்கள்.

ஜப்பான் பற்றிய ஒரு நினைப்பு

‘அங்கே ஆபீஸில் யாரும் கத்த மாட்டார்கள், எல்லாம் ஒழுங்காக நடக்கும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ரயில் ஒழுங்காக வரும், அது உண்மை. வேலையிடம் பற்றி ஒரு வக்கீலாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அதிக வேலையால் சாவதற்கு ‘கரோஷி’ என்று ஜப்பானிய மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது, அதைத் தடுக்க 2014இல் அங்கே தனிச் சட்டம் போட்டார்கள். ஓவர்டைமுக்கு மாதம் 45 மணி நேரம், வருடம் 360 மணி நேரம் என்று பொது வரம்பு வைத்து, மீறினால் தண்டனை என்றதே 2019இல்தான். மேலதிகாரி தன் பதவியை வைத்து மிரட்டுவதைத் தடுக்க நிறுவனங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் 2020இல் வந்தது. பிரச்சினை இல்லாத இடத்தில் யாரும் சட்டம் போடுவதில்லை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போகிறவருக்கு அங்கே உரிமைகளும் இருக்கின்றன: வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும், நடுவில் விலகினால் இவ்வளவு அபராதம் என்று வேலை ஒப்பந்தத்தில் போடுவதை அந்த நாட்டுத் தொழிலாளர் தர நிர்ணயச் சட்டத்தின் 16வது பிரிவு தடை செய்கிறது. இங்கே நீங்கள் பயப்படும் பாண்டை அங்கே போடவே முடியாது.

அப்பாவிடம் என்ன சொல்வது?

என்-4 தேறியதையே வீட்டில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பின்னே அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மகள் போனில் பொம்மைப் படம் பார்ப்பது மட்டும்தான். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது என்-4 சான்றிதழையும், 92 மார்க் தாளையும், அந்தக் காலண்டர் தாள் கட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். தையல் கடைக்காரர், கையால் செய்த வேலையின் நேர்த்தி அவருக்குத் தெரியாமல் போகாது. ஏஜென்ட் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், கையெழுத்துக்காக அந்த ஆள் நேராக அவரிடமே போய் நிற்கலாம்.

பெண் பார்க்க வருகிறவர்கள் வரட்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் கல்யாணம் செய்துவைக்க முடியாது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பையனிடம் பத்து நிமிடம் பேச வாய்ப்புக் கேளுங்கள், இரண்டு வருடத்தில் ஜப்பானில் வேலைக்குப் போகிற எண்ணம் இருக்கிறது, நீங்கள் வருவீர்களா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அவர் சொல்கிற பதிலைக் கேட்டுவிட்டு அப்பாவிடம் பேசுவது சுலபம்.

இப்போது செய்ய வேண்டியது: ஏஜென்டுக்குப் பணமும் காகிதமும் கொடுக்க மாட்டேன் என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதி அனுப்பி, அந்த உரையாடலை அழிக்காமல் வையுங்கள். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சென்னையில் இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதுங்கள், அவரிடம் ஏற்கெனவே பணம் கட்டிய வேறு பிள்ளைகள் இருப்பார்கள். ஹெச்.ஆர் மெயிலை நாளைக்கே போடுங்கள், ஒரு வாரத்தில் பதில் வரவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள், நோட்டீஸை நானே எழுதித் தருகிறேன். ஆறு பவுன் பெட்டியிலேயே இருக்கட்டும். ஜூலைத் தேர்வுக்கு விண்ணப்பம் திறந்ததும் முதல் நாளே பணம் கட்டிவிடுங்கள்.